அக்காவும் ‘ஹேவ்’ என்ற ஒரு சொல்லும்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வீர்கள். எனக்கு அது ஓடிய மாதிரி இல்லை. பாரிஸில் இருக்கும் எங்கள் அண்ணன் தொலைபேசியில், "அக்காவப் பத்தி நாலு நல்ல வார்த்தை நீதான் எழுதணும், நீதான கூடவே இருந்த" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தது போலத் தோன்றுகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பே எரியவில்லை. திரும்பி வருவதற்குள் எழுத நினைத்தது போய்விடுகிறது.

பொறுமையின் சிகரம், சாந்த சொரூபி என்றெல்லாம் எழுதலாம். படித்துவிட்டு நீங்களே சிரிப்பீர்கள். பொறுமைக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். நின்றுகொண்டே சாப்பிடுவார். எனக்குத் தலை வாரும்போதுகூட என்னை நடக்கவிட்டுப் பின்னாலேயே சீப்போடு வருவார். அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே காலமாகிவிட்டதால், தலை வாருவது, சோறு போடுவது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவது எல்லாம் அக்காதான். எல்லாவற்றையும் ஓட்டமாகவே செய்தார். ஆனால் எதையும் அரைகுறையாக விட்டதில்லை.

அக்கா பிறந்தது உப்பளம் என்ற பேட்டையில். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தெருவில் எங்கள் வீட்டுக்குச் ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு, என்று பெயர். அப்பாவின் விருப்பப்படி அக்காவும் அண்ணனும் பிரெஞ்சு வழியில் படித்தார்கள். வினைச்சொற்களை நான், நீ, அவன், அவள் என்று மாற்றி மாற்றி அடுக்கிச் சொல்வதில் அக்காவை மிஞ்ச அந்தப் பள்ளியில் ஆள் இல்லை என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார். பாத்திரம் கழுவும்போதும் அக்காவின் வாயில் ஏதாவது ஒரு வினைச்சொல் உருண்டுகொண்டே இருக்கும். இங்கிலீஷைப் பிற்பாடு தாமாகவே புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்டார். அப்போதும் அதே உருட்டல்தான். எனக்கு இங்கிலீஷ் வந்தது அக்காவின் வாயிலிருந்துதான்.

அக்காவை மணந்த எங்கள் மாமா வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். உழவர்கரையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். அண்ணன் உட்பட எங்கள் உறவில் பாதிப் பேர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். அக்கா போகவில்லை. மாமாவுக்குக் குளிர் ஆகாது என்று காரணம் சொல்வார். மாமாவைக் கேட்டால், "எனக்கா? நான் எப்பச் சொன்னேன்?" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தக் காலனியில் மளமளவென்று வீடுகள் வந்தன. தெருவுக்கொரு இங்கிலீஷ் நர்சரி பள்ளி முளைத்தது. அக்காவும் தம் வீட்டு முன்கூடத்தில் ஒன்று ஆரம்பித்தார். பிள்ளை இல்லாத குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஆரம்பித்தார் என்று அப்போது சிலர் பேசினார்கள். இந்த மலரிலும் யாராவது அப்படி எழுதியிருப்பார்கள். அது உண்மை இல்லை. அவரால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பாட்டுச் சொல்லிக் கொடுக்கவும் மூக்குத் துடைத்துவிடவும் நான் போய்ச் சேர்ந்தேன். மற்றப் பள்ளிகளில் டீச்சரை ‘மிஸ்’ என்பார்கள். எங்கள் பிள்ளைகள் அக்காவைப் பிரெஞ்சு முறையில் ‘மதாம்’ என்றார்கள்.

இனி அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். அக்காவின் வாழ்க்கையை எப்படிச் சுற்றி எழுதினாலும் நான் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

காலையில் ஜெபம் முடிந்ததும் அக்கா வரிசை முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே ஒவ்வொரு பிள்ளையிடமும் வயது கேட்பார். "ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ், மதாம்!" என்று பதில் வரும். பக்கத்துப் பிள்ளையின் வயதைக் கேட்டால், "ஷி ஹேஸ் ஃபோர் இயர்ஸ், மதாம்!" என்று வரும். தெருமுனைக் கடைவரை கேட்கும். ‘ஹி ஹேவ்’ என்று ஒரு பிள்ளை தப்பித் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. ‘ஹேஸ்’ வரும்வரை அக்கா அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அவர் ஓர் இடத்தில் அசையாமல் நின்றது அதற்கு மட்டும்தான். அந்த வயதில் ஹேவ் எங்கே, ஹேஸ் எங்கே என்று அவ்வளவு சுத்தமாகச் சொன்ன பிள்ளைகளை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

ஆனால் வாக்கியமே தப்பு. இங்கிலீஷில் வயதைச் சொல்ல ஹேவ் வராது, ‘ஐ ஆம் ஃபைவ்’ என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் ‘ழே சேங்க் ஆன்’ என்பார்கள், என்னிடம் ஐந்து வருடம் இருக்கிறது என்கிற மாதிரி. அக்கா அதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுவந்துவிட்டார். தமிழாவது காப்பாற்றியிருக்கலாம். தமிழில் ‘எனக்கு அஞ்சு வயசு’ என்றால் முடிந்தது, அங்கே வினைச்சொல்லே கிடையாது. ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, இன்னொரு பக்கம் ஹேவ். பாவம், அந்த ‘ஆம்’ எந்த வழியாக உள்ளே வரும்? பக்கத்திலேயே நின்ற எனக்கும் அது தப்பாகக் கேட்கவில்லை. பெற்றோருக்கோ பிள்ளை இங்கிலீஷ் பேசுகிறதே என்ற பூரிப்பு.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு எங்கள் முதல் பிள்ளைகள் யு.கே.ஜி. முடித்து, ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்காக டவுனில் ஒரு பெரிய பள்ளிக்குப் போனார்கள். அன்று காலை எல்லாருக்கும் அக்காவே பவுடர் போட்டு அனுப்பினார். முடிவு வந்தபோது எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. காரணத்தைப் பள்ளி சொல்லவில்லை. கவின் என்ற பையனின் அம்மா சொன்னார். வாசலில் நின்றபடியே சொன்னார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பேரு கேட்டாங்க, சொன்னான். கலர் கேட்டாங்க, சொன்னான். வயசு கேட்டாங்க மதாம். ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ்னான். அந்த மிஸ்ஸு பக்கத்து மிஸ்ஸப் பாத்து, இதுவும் அந்த ஸ்கூலான்னு சிரிக்கறாங்க. எல்லாப் புள்ளையும் போயி ஒரே மாதிரி சொல்லியிருக்கு. ஊரே சிரிக்குது."

"ஏன், அதுல என்னா தப்பு?" என்றார் அக்கா. "ஐ ஹேவ், யூ ஹேவ், ஹி ஹேஸ். எங்க தப்பு, காட்டுங்க."

"எனக்கு என்னா தெரியும் மதாம்? தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட அனுப்பறேன்?"

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த மாமாவை அக்கா பிடித்துக்கொண்டார். மாமா சட்டையைக் கழற்றியபடியே யோசித்துவிட்டு, "ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ்னு சொல்லணும்னு நெனக்கிறேன். எங்க சூப்பர்வைசர் எல்லாத்துக்கும் அப்டித்தான் சொல்லுவாரு" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா ஸ்கூட்டியை எடுத்தார். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நேராக அந்தப் பள்ளிக்கே போனார். வாசலில் கண்ணில் பட்ட முதல் டீச்சரை நிறுத்தி, எது தப்பு என்று கேட்டுவிட்டார். நல்ல பெண். கேலி செய்யவில்லை. "மதாம், இங்கிலீஷ்ல வயச நம்மகிட்ட வச்சிக்க முடியாது. அந்த வயசே நாமதான். ஐ ஆம் ஃபைவ். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் உள்ளே ஓடினார்.

திரும்பும் வழியெல்லாம் அக்கா வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். இந்திரா காந்தி சிலை பக்கத்தில் சிக்னலில் நின்றபோது, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "அஞ்சுதான் நானா? என்னாடி பாஷ இது? ஒருத்தர் எப்படி ஒரு நம்பரா இருக்க முடியும்?" என்றார். பச்சை விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை என்னால் மறக்க முடியாது. பெரிய பிள்ளைகளுக்கு வேறு பள்ளியில் இடம் தேடி அம்மாக்கள் அலைந்தார்கள். சின்னப் பிள்ளைகளை நிறுத்தத் தொடங்கினார்கள். ஊருக்குப் போகிறோம், உடம்பு சரியில்லை என்று ஆளுக்கொரு சாக்கு. முன்கூடத்தில் பாய்கள் சும்மா கிடந்தன. மாமா, "போதும், மூடிடலாம்" என்றார். அண்ணன் பாரிஸிலிருந்து, "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்றார். அக்கா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பள்ளி மூடிப்போவது ஒரு பக்கம். தம்மை நம்பி வந்த பிள்ளைகள் தம்மால் தெருவில் நிற்கிறார்கள் என்பதுதான் அவரைத் தின்றது. சாயங்காலமானால் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். சொல்லிக் கொடுத்ததைத் திருப்பி எடுக்கப் போனார்.

சொல்லிக் கொடுப்பது சுலபம். திருப்பி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். ஒரு பெண் குழந்தை ‘ஐ ஆம் ஹேவ் ஃபைவ்’ என்றது. இன்னொன்று பயந்து போய் வயதே சொல்ல மறுத்தது. கவின் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐ ஆம்னு சொல்லு கண்ணா."

"மாட்டேன். நீங்கதான ஹேவ் சொன்னீங்க."

"மதாம் தப்பா சொல்லிட்டேன்டா."

"மதாம் தப்பா சொல்ல மாட்டாங்க" என்றான் அவன், அக்காவிடமே.

அக்கா எழுந்து வெளியே வந்து ஸ்கூட்டியை உதைத்தார். அது கிளம்பவில்லை. மீண்டும் மீண்டும் உதைத்தார். சாவியே போடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது அக்கா அந்தப் பெரிய பள்ளியின் தலைமையாசிரியையைப் பார்க்க அனுமதி வாங்கினார். கவினின் அம்மாவும் நானும் கூடப் போனோம். அந்த அம்மாள் மரியாதையாக உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை.

"தப்பு என்னுது மேடம். புள்ளைங்களுது இல்ல. இன்னொரு தடவ கூப்பிட்டுக் கேளுங்க" என்றார்.

"இப்ப சரியா சொல்லிக் குடுத்துட்டீங்களா?"

"வீடு வீடா போயி சொல்லிட்டு வர்றேன்."

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே, "எங்க, உங்க வயச இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்போம்" என்றார்.

அக்கா அதை எத்தனை நாள் உருட்டியிருந்தார் என்று எனக்குத்தான் தெரியும். பாத்திரம் கழுவும்போது ஐ ஆம், துணி காயப் போடும்போது ஐ ஆம். வாயைத் திறந்தார். "ஐ ஹேவ் ஃபார்ட்டி நைன் இயர்ஸ்" என்று கணீரென்று வந்தது.

கவினின் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அக்கா நிமிர்ந்து நின்றார்.

"பாத்தீங்களா மேடம், எனக்கே திரும்பல. சின்ன வயசுல ஏறினது. அந்தப் புள்ளைங்க நான் சொன்னத ஒரு எழுத்து பிசகாம வந்து உங்ககிட்ட சொல்லிச்சுங்க. சொல்லிக் குடுத்தத அப்படியே கத்துக்குதுங்க. அத விட ஒரு ஸ்கூலுக்கு வேற என்னா வேணும்? நீங்க சரியா சொல்லிக் குடுங்க, சரியா சொல்லும்."

அந்த அம்மாள் மணியை அடித்து, ஒரு டீச்சரை வரவழைத்து, அந்தப் பிள்ளைகளைத் திங்கட்கிழமை மறுபடி கூப்பிடச் சொன்னார். திங்கட்கிழமை அவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். கவின் அன்றைக்கும் ஹேவ்தான் சொன்னான் என்று அவன் அம்மா பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் பள்ளி திறந்த அன்று யாரும் வரமாட்டார்கள் என்று அக்கா விடியற்காலையிலிருந்தே வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். முதலில் வந்தது கவினின் அம்மா. கையில் சின்னவளைப் பிடித்திருந்தார். "இவளையும் சேத்துக்குங்க மதாம். நீங்க தப்பா சொன்னாலும் அதுங்க தப்பாம சொல்லுதுங்க" என்றார். அக்காவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

அதன் பிறகு வயதைக் கேட்டால் அக்கா சரியாகத்தான் சொல்வார். ஆனால் ‘ஐ’ சொன்னதும் ஒரு கணம் தயங்கி, நாக்கைத் திருப்பிக்கொண்டு ‘ஆம்’ என்பார். பிள்ளைகள் அந்தத் தயக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டன. எங்கள் பிள்ளைகளிடம் வயது கேட்டால் ‘ஐ’ சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டுத்தான் ‘ஆம்’ சொல்லும். உழவர்கரையில் அதை வைத்தே, இது மதாம் ஸ்கூல் பிள்ளை என்று கண்டுபிடிப்பார்கள்.

பள்ளி நன்றாக நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் கல்லீரலில் கட்டி என்றார்கள். நடக்காமல் இருக்க முடியாதவரைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். கடவுள்மேல் எனக்கு அந்த விஷயத்தில் இன்னும் கோபம் இருக்கிறது, பங்குத்தந்தை மன்னிக்க வேண்டும். கால்களை மட்டும் போர்வைக்குள் அசைத்துக்கொண்டே இருப்பார்.

வார்டுக்கு வந்த இளம் மருத்துவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், தமிழ் தெரியாது. கல்லீரல் கெட்டவர்களுக்கு நினைவு தடுமாறும் என்பதால் தினமும் காலையில் பெயரும் வயதும் கேட்பார். அக்கா பெயரைச் சொல்லுவார். பிறகு, "ஐ..." என்று நிறுத்தி, "ஆம் ஃபிஃப்டி டூ" என்பார். அவர் போனதும் என்னிடம், "தெனமும் கேக்கறான் பாரு. ராத்திரியில மாறிடுமா வயசு?" என்பார். இருந்தாலும் அவர் வரும் நேரத்துக்கு முன்பே உதடு அசையும். பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்துக்கொண்டிருப்பார்.

கடைசி நாள் காலையிலும் அவர் வந்தார். பெயர் கேட்டார், அக்கா சொன்னார். வயது கேட்டார்.

"ஐ ஹேவ்" என்றார் அக்கா. அதோடு நின்றுவிட்டது.

மருத்துவர் குனிந்து, "யூ ஹேவ் வாட், அம்மா? பெயின்?" என்றார். அக்கா இல்லை என்று தெளிவாகத் தலையசைத்தார். கண் அவரையே பார்த்தது. உதடு பிரிந்தபடி இருந்தது. வார்த்தை வரவில்லை. மதியத்துக்குள் அக்கா போய்விட்டார்.

நினைவு தடுமாறிவிட்டது என்று மருத்துவமனையில் எழுதியிருப்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வயதைச் சொல்ல வந்து பழைய பழக்கத்தில் ஹேவ் என்று ஆரம்பித்தாரா? தப்பு என்று தெரிந்ததால்தான் நிறுத்தினாரா? அல்லது வயதை விட்டுவிட்டு, தம்மிடம் இருந்த வேறு எதையோ சொல்ல வந்தாரா? ஹேவ் என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் வரலாமே. ஒரு வருடமாக இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். அவர் தலையசைத்ததால் வலி இல்லை என்று மட்டும் தெரிகிறது. அது ஓர் ஆறுதல்தான், ஆனால் போதவில்லை.

அக்காவுக்கு இரத்தம் கொடுக்க ஆள் தேடித் தந்த மாமாவின் கம்பெனி நண்பர்களுக்கும், அடக்கத்துக்குப் பந்தல் போட்டு மூன்று வேளையும் சமைத்துத் தந்த காலனிக்காரர்களுக்கும், எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுக்க அழைத்தவுடன் வந்த பங்குத்தந்தைக்கும், விமானத்தில் ஓடிவந்த அண்ணன் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று எங்கள் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிற்கவைத்துக் கல்லறைவரை கூட்டிவந்த கவினின் அம்மாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. அவர் இப்போது தினமும் வந்து என்னோடு பள்ளியைப் பார்த்துக்கொள்கிறார்.

அந்த இளம் மருத்துவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கடைசி நாள் காலையில் வார்டு நிறைய நோயாளிகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நகரவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, அக்கா மீதியைச் சொல்லட்டும் என்று கட்டிலருகே நின்று காத்திருந்தார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் இன்னும் அங்கேயே நின்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை